கர்த்தர் கொடுக்கும் மதிப்பு

(ஒரு வாலிபர் சங்கக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. காலையில் கண் விழித்தவுடன் கைப்பேசியில் வந்து விழுகிறதே படம், அதைப் பற்றியது. ஒரு சூரியோதயம், ஒரு மலை, இல்லாவிட்டால் இரண்டு கைகளுக்குள் ஒரு குருவிக்குஞ்சு. அதன்மேல் நாலு வரி. நீ அருமையானவன், நீ தற்செயலாய்ப் பிறந்தவன் அல்ல, உன்னை உண்டாக்கியவர் தப்புச் செய்கிறவர் அல்ல, உலகம் உன்னைத் தள்ளினாலும் அவர் கண்ணுக்கு நீ விலையேறப் பெற்றவன் என்பதாக அதில் எழுதியிருக்கும். மீம் என்று வாலிபர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்ப, அவர் பத்துப் பேருக்கு அனுப்ப, மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் சுற்றிவிடுகிறது.

இவ்வளவு அற்ப சங்கதிக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். மனிதனுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது அற்ப சங்கதி அல்ல. சுயமரியாதை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தாருக்கு அதைவிடப் பெரிய சங்கதி வேறொன்றும் கிடையாது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்களைக் கேலி செய்ய நாம் வரவில்லை. பரீட்சையில் தவறிய பையன், குழந்தையில்லை என்று மாமியாரிடம் தினம் வசவு வாங்கும் பெண், வேலை போய் வீட்டுக்குள் தலை குனிந்து நடக்கும் குடும்பஸ்தன் இப்படிப்பட்டவர்கள்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள். நம்மையும் ஒரு மனிதனாக யாராவது மதிக்கமாட்டார்களா என்கிற பசி அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பசி உண்மையானது. பசித்தவனைக் கேலி செய்வது மனிதத்தன்மை ஆகாது. ஆனால் அவனுடைய இலையில் என்ன வைக்கிறார்கள் என்று பார்க்க நமக்குப் பாத்தியதை உண்டு.

படங்கள் ஆயிரக்கணக்காக இருந்தாலும் சரக்கு இரண்டு மூன்றுதான். ஒன்று, நீ களிமண், அவர் குயவர், ஆகையால் நீ அழகான பாத்திரம் என்பது. இன்னொன்று, உனக்காக எவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டது பார், ஆகையால் நீ விலைமதிப்புள்ளவன் என்பது. மூன்றாவது கொஞ்சம் சின்ன எழுத்தில் இருக்கும்: அவர் இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்பது. முதல் இரண்டும் வெல்லம். மூன்றாவதுதான் உள்ளே வைத்திருக்கும் மாத்திரை.

குயவர் சங்கதியை ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பானை அழகாயிருந்தால் புகழ் யாருக்கு? குயவருக்கு. பானை உடைந்தால் குற்றம் யாருக்கு? அதையும் குயவர் மேல்தானே போடவேண்டும்? ஆனால் இங்கே மட்டும் பானையின் மேல் போடுகிறார்கள், களிமண் கீழ்ப்படியவில்லையாம்! வியாபாரத்தில் லாபம் மட்டும் ஒருவனுக்கு, நஷ்டம் மட்டும் மற்றொருவனுக்கு என்று பத்திரம் எழுதினால் அதில் கையெழுத்துப் போடும் முட்டாள் நம் ஊரில் எவனாவது உண்டா?

இந்தச் சரக்கு ஏராளமாக உற்பத்தியாகும் இடம் அமெரிக்கா. அங்கே இங்கிலீஷில் செய்த மாதிரியில்தான் இங்கே தமிழிலும் செய்து அனுப்புகிறார்கள். ஆகவே அந்தத் தேசத்தில் இதே மதம் மனிதனைப்பற்றி முன்பு என்ன சொல்லிற்று என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

1741-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி, இன்றைய கனெக்டிகட் மாகாணத்திலுள்ள என்ஃபீல்ட் என்கிற ஊரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியார் ஒரு பிரசங்கம் செய்தார். இன்றைக்கும் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படிக்கும் பிரசங்கம் அது. கோபங்கொண்ட கடவுள் மனிதனை நெருப்புக்கு மேலே ஒரு எட்டுக்கால் பூச்சியைப்போல் அருவருப்போடு பிடித்துக்கொண்டிருக்கிறார், விரலை விட்டால் தீர்ந்தது என்பது அதன் சாரம். கேட்ட ஜனங்கள் அலறிவிட்டார்கள் என்றும், அலறல் அடங்கும்வரை அவரால் மேலே பேச முடியவில்லை என்றும் கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஐசக் வாட்ஸ் என்பவர் 1707-இல் வெளியிட்ட ஒரு பாட்டில் பக்தன் தன்னைப் புழு என்று சொல்லிக்கொள்ளுகிறான். அடிமை வியாபாரக் கப்பலுக்குத் தலைவராயிருந்து பின்னால் பாதிரியாரான ஜான் நியூட்டன் எழுதி, 1779-இல் அச்சான உலகப் பிரசித்தமான பாட்டில் பாடுகிறவன் தன்னைக் கடைகெட்ட ஈனன் என்கிறான். இந்த நியூட்டன் கதையில் வேடிக்கை ஒன்றுண்டு. அவர் புயலில் அகப்பட்டு மனந்திரும்பியது 1748-இல். மனந்திரும்பிய பிற்பாடும் 1754 வரை மனிதர்களை விலங்கு போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தொழிலைக் கண்டித்து அவர் துண்டுப் பிரசுரம் எழுதியது 1788-இல். தன்னை ஈனன் என்று பாட இவ்வளவு காலம் தேவைப்படவில்லை. விலங்கு போட்டவனை மனிதன் என்று எழுதத்தான் நாற்பது வருஷம் பிடித்தது.

பூச்சி, புழு, ஈனன் என்றவர்கள் எப்பொழுது விலையேறப் பெற்றவன் என்று மாற்றிச் சொல்லத் தொடங்கினார்கள்? கடவுள் கனவில் வந்து திருத்தம் சொன்னாரா? இல்லை. ஜனங்கள் தங்களைப் புழு என்று சொல்லிக்கொள்ள மறுத்துவிட்ட பிறகுதான் மாறிற்று. 1952-இல் நியூயார்க் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் நம்பிக்கையாக நினைப்பதன் சக்தி என்று ஒரு புஸ்தகம் போட்டார், லட்சக்கணக்கில் விற்றது. கலிபோர்னியாவில் ராபர்ட் ஷுல்லர் என்ற பாதிரியார் 1955-இல் கார்களில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் கொட்டகையில் பிரசங்கம் தொடங்கி, 1980-இல் கண்ணாடியாலேயே ஒரு பெரிய கோயில் கட்டி, 1982-இல் தன்மதிப்புத்தான் புதிய மதச் சீர்திருத்தம் என்று புஸ்தகமே எழுதிவிட்டார். மனிதனுடைய தன்மதிப்பைத் திருடுவதுதான் பாவம் என்று பாவத்துக்கே புது அர்த்தம் சொன்னார். பழைய பாதிரிமார்கள் இது வேத விரோதம் என்று கூச்சல் போட்டார்கள். (அந்தக் கண்ணாடிக் கோயிலை நடத்திய ஸ்தாபனம் 2010-இல் கடன் கட்ட முடியாமல் கோர்ட்டில் போய் நின்றது, பிறகு கோயிலைக் கத்தோலிக்கர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அது ஒருபுறமிருக்கட்டும்.) வாட்ஸின் புழுவையும் பிற்காலத்துப் பாட்டுப் புஸ்தகங்கள் பலவற்றில் எடுத்துவிட்டுப் பாவி என்று போட்டுவிட்டார்கள்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். கடவுள் மாறாதவர் என்கிறார்கள். அவர் கண்ணில் மனிதன் மட்டும் 1707-இல் புழு, இன்று மாணிக்கமா? மாறியது யாருடைய கண்? மனிதனுடைய கண்தான். மனிதன் தன் சொந்த முயற்சியால் கொஞ்சம் நிமிர்ந்தான். நிமிர்ந்தவனிடம் பழைய சரக்கு செல்லவில்லை. கடைக்காரர் பலகையை மாற்றி எழுதினார். உள்ளே மூட்டை பழைய மூட்டைதான். பிறக்கும்போதே பாவி என்கிற கொள்கையை இந்தச் சபைகளில் பெரும்பாலானவை கைவிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாவி என்று முழங்கால் போடச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் நீ மாணிக்கம் என்று படம் அனுப்பினால், முதல் காரியத்தைச் செய்யாமலிருந்தாலே இரண்டாவது தேவையில்லையே என்று நாம் கேட்கிறோம்.

விலை கொடுக்கப்பட்டது என்கிற சரக்குக்கு வருவோம். இதைத்தான் நாம் முக்கியமாகப் பேச நினைத்தது. உனக்காக இரத்தம் விலையாகக் கொடுக்கப்பட்டது, அவ்வளவு விலை கொடுத்ததால் நீ அவ்வளவு மதிப்புள்ளவன் என்கிறார்கள். கேட்க உருக்கமாயிருக்கிறது. ஆனால் தோழர்களே! விலை கொடுத்து வாங்கப்படுவது எது? மாட்டுச் சந்தையில் நிற்கும் மாடு. ஜோடி காளை இவ்வளவு என்று துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுகிறார்களே, அந்தப் பேரத்தில் காளையின் சம்மதம் யாருக்கு வேண்டும்? அதிக விலைக்குப் போன காளைக்குப் பெருமை உண்டா? விற்றவனுக்குப் பணம், வாங்கினவனுக்கு உடைமை, காளைக்குப் புது மூக்கணாங்கயிறு.

மனிதர்களையே இப்படி விற்ற காலம் ஒன்றிருந்தது. எட்டுக்கால் பூச்சிப் பிரசங்கம் செய்தாரே அதே எட்வர்ட்ஸ், அவர் 1731-இல் நியூபோர்ட் துறைமுகத்தில் வீனஸ் என்று பெயரிடப்பட்ட, சுமார் 14 வயதுள்ள ஒரு கறுப்புப் பெண் குழந்தையை 80 பவுனுக்கு விலைக்கு வாங்கினார். அந்த விற்பனைச் சீட்டு அழியாமல் இருக்கிறது. அந்தக் குழந்தையின் மதிப்பு 80 பவுன் என்று நம்மில் யாராவது ஒப்புக்கொள்வோமா? அது வாங்கினவரின் பண மூட்டையைப்பற்றிச் சொல்லுமே ஒழிய, குழந்தையைப்பற்றி ஒன்றும் சொல்லாது. அப்படியிருக்க, விலை பெரிதாகிவிட்டால் மட்டும் அது மதிப்பாக மாறிவிடுமா?

அந்த அடிமைகளுக்கும் மதபோதனை நடந்தது. 1807-இல் லண்டனில் அவர்களுக்கென்றே தனியாக ஒரு பைபிள் அச்சடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலுள்ளவர்களுக்கு அது. எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையாகி வெளியேறும் கதையை எடுத்துவிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற பாகத்தை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டார்கள். பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் கிடையாது. அதன் பிரதி ஒன்று அமெரிக்காவில் ஃபிஸ்க் சர்வகலாசாலையில் இருக்கிறது. அடிமையே, உன் ஆத்துமா கடவுளுக்கு அருமையானது என்று சொல்லுவதில் தோட்ட முதலாளிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆத்துமாவா கரும்பு வெட்டுகிறது?

அந்த அடிமைகளில் ஒருவராக மேரிலாந்து மாகாணத்தில் 1818-இல் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். தன் கதையைத் தானே 1845-இல் புஸ்தகமாக எழுதினார். நம் வாலிபர்கள் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய புஸ்தகம். சிறு பையனாக இருக்கும்போது எஜமானி அம்மாள் எழுத்துக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தாள். புருஷன் வந்து, படிப்பு வந்தால் அடிமை கெட்டுப்போவான் என்று தடுத்துவிட்டான். அந்தத் தடுப்பிலிருந்தே, விடுதலைக்கு வழி படிப்பில் இருக்கிறது என்று பையன் கண்டுகொண்டான். தெருப் பையன்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்தைக் கற்றுக்கொண்டான். பிறகு வேறொரு எஜமானனிடம் போனார். அந்த எஜமானன் ஒரு மெதடிஸ்ட் ஜெபக் கூட்டத்தில் மனந்திரும்பினான். இனியாவது இரக்கம் வருமென்று டக்ளஸ் எதிர்பார்த்தார். வந்தது அதிகக் கொடுமை. ஊனமுற்ற ஒரு பெண்ணைக் கட்டிவைத்து அடித்துக்கொண்டே வேத வசனமும் சொன்னான் என்று எழுதியிருக்கிறார்.

அந்த எஜமானன் பணியாதவனைப் பணிய வைப்பதில் பேர்போன கோவி என்பவனிடம் அவரை ஒரு வருஷத்துக்கு அனுப்பினான். கோவியும் பெரிய பக்திமான். காலையிலும் ராத்திரியிலும் ஜெபம். ஆறு மாதம் அடி வாங்கி வாங்கி, தான் மிருகமாகவே ஆகிவிட்டதாக டக்ளஸ் சொல்லுகிறார். 1834-இல் ஒரு நாள் கோவி கட்டிப்போட வந்தபோது, 16 வயதுப் பையன் அவனுடைய தொண்டையைப் பிடித்துக்கொண்டான். சுமார் இரண்டு மணி நேரம் இருவரும் கட்டிப் புரண்டார்கள். கோவி மூச்சு வாங்கிக்கொண்டு விலகிப் போனான். அதற்குப் பிறகு அந்த வருஷத்தில் அவன் இவர்மேல் கை வைக்கவேயில்லை. தன் வாழ்க்கையே திரும்பிய இடம் அதுதான் என்கிறார் டக்ளஸ். சட்டப்படி அடிமையாக இருந்தாலும் உண்மையில் அன்றோடு அடிமைத்தனம் போய்விட்டதாம். டக்ளஸ் நாஸ்திகரல்ல, கிறிஸ்துவின் மதம் வேறு, இந்த எஜமானர்களின் மதம் வேறு என்று அந்தப் புஸ்தகத்தின் முடிவிலேயே எழுதியிருக்கிறார். அவரை நம் கட்சியில் திருட்டுத்தனமாகச் சேர்த்துக்கொள்ளும் உத்தேசம் நமக்கில்லை. ஆனால் அவருக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? யாராவது நீ அருமையானவன் என்று சொன்னதாலா? மிருகமல்ல நான் என்று அவரே எழுந்து நின்றதால் அல்லவா?

1838-இல் தப்பி ஓடினார். பிறகு சீமைக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார். திரும்பி வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, அங்குள்ள சிநேகிதர்கள் 1846-இல் 150 பவுன் திரட்டிக் கொடுத்து அவருடைய விடுதலைச் சீட்டை வாங்கினார்கள். உடனே அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக் கட்சிக்காரர்களிலேயே சிலர் கோபித்துக்கொண்டார்கள். திருடனிடம் விலை பேசினால் திருட்டுச் சொத்து அவனுடையது என்று ஒப்புக்கொண்டதாகாதா என்று கேட்டார்கள். டக்ளஸ் அதற்குத் தக்க சமாதானம் சொன்னார். வழிப்பறிக்காரன் கையிலிருந்து தப்ப ஒருவன் பணம் கொடுத்தால் வழிப்பறி நியாயமாகிவிடாது. சரி. ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதையே நாம் இங்கே கேட்கிறோம். நம்மை மீட்க இரத்தத்தை விலையாகக் கொடுத்தார் என்றால், யாரிடம் கொடுத்தார்? நம்மை யார் பிடித்து வைத்திருந்தான்? பூர்வகாலத்துச் சபைப் பண்டிதர்களில் சிலர் சாத்தானிடம் கொடுத்தார் என்றார்கள். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் என்ற பண்டிதர் அது தப்பு, கடவுளுக்கே செலுத்தவேண்டிய கடன் என்றார். முதல் சமாதானப்படி நாம் சாத்தானின் சொத்து. இரண்டாவதுபடி கடவுளிடம் கடன்பட்டவர்கள். நம்மை நமக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொள்ள மட்டும் இரண்டு கட்சியும் தயாராயில்லை.

கடவுள் இல்லாவிட்டால் மனிதன் வெறும் மண்ணும் தண்ணீரும்தானே, அவனுக்கு என்ன மதிப்பு என்று படித்த கிறிஸ்தவர்கள் கேட்கிறார்கள். 1948-ஆம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிற்று. எல்லோரும் மதிப்பிலும் உரிமையிலும் சமமாகப் பிறந்தவர்கள் என்று அதன் முதல் ஷரத்து கூறுகிறது. அதை எழுதும்போது பிரேசில் பிரதிநிதிகள், மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்கவேண்டுமென்றார்கள். சீனப் பிரதிநிதி சாங் என்பவர், பல மதக்காரரும் மதமில்லாதவரும் உள்ள உலகத்துக்கு அது ஆகாது என்று எடுத்துச் சொன்னார். அது சேர்க்கப்படவில்லை. ஓட்டெடுத்தபோது 48 நாடுகள் ஆதரித்தன. எட்டு நாடுகள் நடுநிலைமை வகித்தன. எதிர்த்து ஒரு ஓட்டும் விழவில்லை. கடவுளின் கையெழுத்தில்லாமலே பத்திரம் செல்லுபடியாகிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுச் சில இந்து நண்பர்கள் முகம் மலருவதைப் பார்க்கிறோம். அவர்கள் அவசரப்படவேண்டாம். கிறிஸ்தவன் எல்லோரையும் சேர்த்துப் புழு என்றான். அதிலாவது ஒரு சமத்துவம் இருந்தது. நீங்கள் ஒருவனைத் தலையிலிருந்தும் மற்றொருவனைக் காலிலிருந்தும் பிறக்க வைத்தீர்கள். திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் போராடியபோது அவர்களுக்குத் துணை நின்றவர்கள் பாதிரிமார்கள். 1859-இல் ராஜ பிரகடனம் வந்தது. அந்தக் காரியத்தையும், அவர்கள் வைத்த பள்ளிக்கூடங்களையும் நாம் மறக்கமாட்டோம். ஒரு பெண்ணுக்கு மேல்துணியும் ஒரு பையனுக்குச் சிலேட்டும் கொடுத்தார்களே, அதுதான் மதிப்புக் கொடுப்பது. அதே கிறிஸ்தவர்கள் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்து ஆராதித்தார்கள். 1910-இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து உயர்ந்த ஜாதிக்காரர்கள் சென்னை ஹைக்கோர்ட் வரையில் போய்த் தோற்றார்கள். கர்த்தருக்கு எல்லோரும் அருமையானவர்கள் என்பது சுவருக்கு இரண்டு பக்கத்திலும்தான் பிரசங்கிக்கப்பட்டது.

இன்றைய படத்தின் சங்கதியும் அதுதான். அனுப்புகிறவனுக்குச் செலவில்லை. புருஷனிடம் அடி வாங்கும் பெண்ணுக்கு அவளுடைய அண்ணன், நீ அவர் கண்ணில் விலையேறப் பெற்றவள் என்று படம் அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறான். அவள் வந்து தங்க ஒரு அறை கொடுப்பானா? போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போவானா? அதைவிட மோசம், அந்தப் படமே அவளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுகிறது. பூமியில் ஒருவரும் மதிக்காவிட்டாலும் பரலோகத்தில் மதிப்பிருக்கிறதே என்றால், பூமியிலுள்ளவனிடம் மதிப்பைக் கேட்டு வாங்கவேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? கூலி குறைத்த முதலாளி தன் தொழிலாளிகள் எல்லோருக்கும் தினம் இரண்டு படம் அனுப்பலாம். கூலி உயர்த்துவதைவிட அது மலிவு. கடவுள் பெயரை எடுத்துவிட்டு, நீயே போதும், நீயே ராணி என்று மட்டும் எழுதி வரும் படங்களும் இருக்கின்றன. அவையும் இந்த ஜாதிதான். கலிபோர்னியா சர்க்கார் 1986-இல் தன்மதிப்பை வளர்க்க ஒரு கமிட்டியே போட்டது. தன்மதிப்பைப்பற்றி அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் 2003-இல் பௌமைஸ்டர் முதலிய சாஸ்திரிகள் திரட்டிப் பார்த்ததில், பிள்ளைகளிடம் நீ உசத்தி என்று சொல்லிக்கொண்டிருப்பதால் படிப்பு வந்துவிடுவதாகத் தெரியவில்லை; நன்றாகப் படிப்பதால் ஓரளவு மதிப்பு வருவதாகத்தான் தெரிந்தது. டக்ளஸின் ரொட்டித் துண்டைக் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

அடுத்த தடவை இப்படி ஒரு படம் வந்தால், அனுப்பியவரைத் திட்டவேண்டாம். அவரைக் கூப்பிட்டு, எனக்கு மனம் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றிற்றா, கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். வந்து உட்கார்ந்தாரானால் அவர் எந்த மதமானாலும் நல்ல சிநேகிதர்.

நேரமாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவத் தோழர்கள் பலர் இருப்பது தெரியும்; உபதேசியார் ஒருவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாம் சொன்னதில் தப்பிருந்தால் மேடைக்கு வந்து தாராளமாய்ச் சொல்லலாம். தலைவர் அவர்கள் பத்து நிமிஷம் அனுமதித்திருக்கிறார்கள். போதாவிட்டால் இருபது நிமிஷமானாலும் நாம் இருந்து கேட்கத் தயார்.